ரொட்டிக் கடையில் காய்ந்த அறுபது சட்டைகள்

1. முதல் நாள்

நான் ஒரு ஹோட்டல் லாண்டிரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் முதன்முதலில் வேலைக்குப் போனது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அப்பாவின் டோபிக் கடைக்கு. ஐம்பதுகளின் நடுவில், பள்ளியை முடித்த கையோடு போய் நின்றேன். அப்பா ஒரு பேனாவையும் மார்க்கிங் மையையும் கொடுத்தார். ஒவ்வொரு சட்டையின் காலருக்குள்ளும் வாடிக்கையாளரின் குறியைப் போட வேண்டும். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத மை அது. அன்று மாலைக்குள் ஒரு பாதிரியாரின் அங்கியில் ஒரு போலீஸ்காரரின் குறியைப் போட்டுவிட்டேன்.

"மகள்னு விட்டுடுவேன்னு நெனைக்காத. நீயே போய் ஃபாதர்கிட்ட சொல்லிட்டு வா," என்றார் அப்பா.

போனேன். பாதிரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குறி கடைசிவரை அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அப்பா விடியும் முன்பே தொட்டியில் இறங்கித் துணி மிதிப்பார். ராகமே இல்லாமல் பாடுவார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஜன்னலை அடித்துச் சாத்தினால் இன்னும் சத்தமாகப் பாடுவார். எவ்வளவு வேலை இருந்தாலும் அம்மாவின் சேலைக்கு அவரே இஸ்திரி போடுவார். "டோபி பொண்டாட்டி கசங்கின சேலையோட மார்க்கெட்டுக்குப் போனா, எவன் நம்மகிட்ட துணி போடுவான்?" என்பார். எங்கள் வீட்டில் தொட்டில் துணிக்குக்கூட மடிப்பு உண்டு.

2. மழை

ஒருமுறை ஒரு கப்பலிலிருந்து அறுபது வெள்ளைச் சட்டைகள் வந்தன. கொண்டுவந்தவர் கப்பலில் துணிமணி பார்க்கும் ஸ்டூவர்ட், ஒரு மலையாளி. வியாழன் சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, அதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பிழைப்பில் பாதி கப்பல் துணிதான். ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடும்.

திங்கள் பிடித்த மழை வியாழன் காலையிலும் விடவில்லை. வெளுத்து, நீலம் போட்டு, கஞ்சியும் போட்ட சட்டைகள் கடைக்குள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. ஈரத்தோடு கரி இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கஞ்சி கருகி மஞ்சள் தட்டும்.

சந்தின் முனையில் ஆ ஹோக் என்ற சீனரின் ரொட்டிக் கடை இருந்தது. விறகு அடுப்பு. அதன் புகைக்கரி எங்கள் கொடியில் வந்து படிகிறது என்று அப்பா அவரோடு சண்டை போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எதிரே பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

காலை எட்டு மணிக்கு அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"ஆ ஹோக்கிட்ட."

"அவரு மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவாருப்பா!"

"பேசட்டுமே. அவன் அடுப்பு சூடா இருக்கு, நம்ம துணி ஈரமா இருக்கு."

நானும் பின்னாலேயே போனேன். அப்பா கடை வாசலில் நின்று, தமக்குத் தெரிந்த மலாயில், அன்று தாம் அதிகமாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். பிறகுதான் உதவி கேட்டார். ஆ ஹோக் கையில் ஒட்டிய மாவைத் தட்டியபடி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"போலே," என்றார் கடைசியில். முடியும் என்று அர்த்தம். "ஆனா காலையில பாடக்கூடாது லா!"

பக்கத்து வீட்டுக் கிழவர் அவருடைய மாமனாராம்! அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

காலை ரொட்டி சுட்டு முடிந்த சூடு அந்த அறையில் அப்படியே நின்றது. கரி பறக்காமல் இருக்க அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடினோம். குறுக்கே கயிறு கட்டி அறுபது சட்டைகளையும் போட்டோம். ஆ ஹோக்கே ஒரு பக்கம் பிடித்தார். பகல் ஒரு மணிக்கு எல்லாம் காய்ந்துவிட்டன. நான்கு மணிக்குள் அப்பாவும் அண்ணனும் நானும் இஸ்திரி போட்டு முடித்தோம். அப்பாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு மடிப்புகூடக் கோணவில்லை.

ஸ்டூவர்ட் வந்து ஒரு சட்டையை மோந்து பார்த்தார்.

"என்ன சேட்டா, ரொட்டி மணக்குதே?"

அப்பா கண்ணிமைக்காமல் சொன்னார். "புது சோப்பு லா."

சில மாதம் கழித்து அந்தக் கப்பல் திரும்பி வந்தது. "கேப்டன் அதே சோப்புதான் வேணும்கிறாரு," என்றார் ஸ்டூவர்ட். வெயில் கொளுத்திய அந்த நாளிலும் நாங்கள் துணியைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனோம்.

3. பின்னால்

அறுபதுகளின் கடைசியில் நான் ஹோட்டலில் சேர்ந்தேன். சூப்பர்வைசராகியிருந்தபோது ஒருநாள் எங்கள் பாய்லர் நின்றுவிட்டது. வெந்நீர் கிச்சனில் மட்டும் இருந்தது. அங்கே தலைமைச் சமையல்காரரோடு மேசைத்துணி விஷயத்தில் எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. மானேஜரை விட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நானே போனேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் உதவி. அவர் வெந்நீரோடு இரண்டு ஆட்களையும் சேர்த்து அனுப்பினார்.

வெளுக்கவும் கஞ்சி போடவும் யாரும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். சண்டை போட்டவர் வாசலில் போய் நின்று கேட்பதற்கு எனக்கு இருபது வருஷம் ஆனது. அப்பா அதற்குச் சட்டை மாற்றும் நேரம்தான் எடுத்துக்கொண்டார்.