பிளந்த பாறை ஒப்பாரி

நடந்ததைத்தான் சொல்கிறேன். பொய் என்பவர்கள் கிர்கிஸ் நாட்டில் எங்கள் நரின் மலைக்கு வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். வருவதற்கு முன்னால் என் வாயைப் பற்றி ஊரில் விசாரித்துவிட்டு வருவது நல்லது.

ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனிக்கு எங்கள் கிழக்கு மேடு வேண்டுமாம். எங்கள் முன்னோரைப் புதைத்த மேடு அது. கம்பெனி ஆள் ரிஸ்குல் வேற்று நாட்டான் இல்லை, எங்களைப் போல ஒரு கிர்கிஸ் தாய் பெற்றவன்தான். அவன் அனுமதி தரும் அரசு அதிகாரி முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"சமாதியும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. ஆடு மேய்க்கிறவன் பொழுது போகாம அடுக்கின கல்லு."

எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றுவரை அது ஆறவில்லை. அதிகாரியோ, புதைத்ததற்கு ஆதாரம் இருந்தால் வெள்ளிக்கிழமை காலைக்குள் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் மேட்டுக்கு வெடி வைக்க அனுமதி தந்துவிடுவேன் என்றார்.

எங்களுக்கு உதவிக்கு வந்தவள் சல்கின் ஒருத்திதான். தலைநகரில் படித்தவள். சம்பளம் வாங்காமல், எங்களைப் போன்ற ஊர்களின் பழைய அறிவைச் சேகரித்து, அதை வைத்தே அந்த ஊர்களுக்காக வாதாடும் கூட்டத்தைச் சேர்ந்தவள். சொந்தச் செலவில் வந்து, என் வீட்டில் காய்ந்த ரொட்டியையும் உப்புத் தேநீரையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். கல்யாண வயதில் பிணத்துப் பாட்டைத் தேடி அலைகிறாளே என்று பக்கத்து வீட்டு சூரா அக்கா அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தாள்.

எங்கள் ஒப்பாரியில் செத்தவரின் பெயர், வம்சம், எந்தச் சரிவில் படுக்க வைத்தோம் என்பது எல்லாம் வரும். அதைப் பாடுங்கள், பதிவு செய்கிறேன், அதுதான் ஆதாரம் என்றாள் சல்கின். சூரா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"சாவு விழாத எடத்துல ஒப்பாரி வைக்கக் கூடாதுடி. யாராவது நமக்குத்தான்னு எந்திரிச்சு வந்துருவாங்க."

"வரட்டுமே," என்றேன். "வந்து அந்த ரிஸ்குல் மூஞ்சியில துப்பிட்டுப் போகட்டும்."

வியாழக்கிழமை மாலை. முற்றத்தில் சாவுக்குப் போடுவது போலவே கம்பளிக் கூடாரம் போட்டோம். பாடுகிற பெண்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஒப்பாரி முடியும்வரை யாரும் திரும்பக் கூடாது. சூரா அக்கா, நடுவில் எங்கள் ஊர்ப் பெண் கலிபா, கடைசியில் நான். எனக்கு இடப்பக்கம் காலி. பின்னால் வாசலோரம் சல்கின் ரெக்கார்டரோடு உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. என் பாட்டனாரைப் பாடினேன். சூரா அக்கா தன் பெரியப்பாவைப் பாடினாள். கலிபா, பிறந்த அன்றே போன தன் அத்தையைப் பாடினாள். எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் அவ்வளவுதான். முடிக்கலாம் என்று மூச்சை இழுத்தேன்.

என் இடப்பக்கத்தில் ஒரு குரல் எடுத்துப் பாடியது.

பக்கத்து ஊர்க்காரி யாரோ தாமதமாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நல்ல கனத்த குரல். ஆனால்... கதவுக் கம்பளியைத் தூக்கினால் குளிர்காற்று முதுகில் அடிக்குமே. அடிக்கவில்லை.

'பிளந்த பாறைக்குக் கிழக்கே என் மூத்தவன் ஜோல்சு. அவன் காலடியில் இளையவன் சபீர். அவன் கைப்பக்கம் பால் மறக்காத என் சின்னவள்...'

பெயர் மேல் பெயர். ஒன்றுகூட எங்களுக்குத் தெரிந்த பெயர் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் மூச்சு வாங்குவோம். வாங்காமல் யாராலும் பாட முடியாது.

அவள் வாங்கவே இல்லை.

என் இடது முழங்கால் சில்லிட்டது. கலிபா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

பின்னாலிருந்து சல்கினின் குரல்.

"அக்கா... நீங்க மூணு பேருதானே?"

நான் திரும்பவில்லை.

அந்தக் குரலில் அழுகை இல்லை. கோபம்.

'கல்லா? என் பிள்ளைகள் கல்லா?'

பாதி அடியில் நின்றது.

திரும்பினோம். யாரும் இல்லை. சல்கின் முகம் வெளுத்திருந்தது. அந்தக் குரல் பாடிய நேரமெல்லாம் நான்கு முதுகுகளைப் பார்த்ததாகச் சொன்னாள்.

மறுநாள் அதிகாரி முன்னால் பதிவைப் போட்டாள். எங்கள் மூன்று குரல்களும் தெளிவாக இருந்தன. அதற்குப் பிறகு பாட்டே இல்லை. மூன்று பெண்கள் மூச்சு விடும் சத்தமும், நடுவில் சல்கின் கேட்ட கேள்வியும் மட்டும். தெரிந்த மூன்று பெயரை யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ரிஸ்குல் வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பியது.

"மேட்டுல இருக்கிற பிளந்த பாறைக்குக் கிழக்கே தோண்டுங்க. மூத்தவன், அவன் காலடியில இளையவன், கைப்பக்கம் ஒரு பெண் குழந்தை. இல்லேன்னா மேட்டை நீயே எடுத்துக்கடா."

சூரா அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். முகம் தெரியாத ஒருத்தியின் பாட்டை நம்பி ஊரின் மேட்டையே பணயம் வைத்துவிட்டேன். அதிகாரி உடனே சரி என்றார்.

கம்பெனி பொக்லைன்தான் தோண்டியது. முதலில் மூத்தவன். காலடியில் இளையவன். கைப்பக்கம் சின்னவள்... அவள் பாடிய வரிசையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லோரையும் முறைப்படி துணி சுற்றி, தாடை கட்டிப் படுக்க வைத்திருந்தது. ரிஸ்குல் போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரி வேலையை நிறுத்தினார். கோடைவரைக்கும் மட்டுமாம். இத்தனை பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த பிறகும், கோடைவரைக்கும். இவர்களுக்கு என்ன காட்டினால் போதும்?

பனி விலகியதும் எலும்பு ஆராயத் தெரிந்த சல்கினின் தோழி வந்தாள். அவளும் சம்பளம் வாங்காதவள்தான். பாறையின் அடியில் இன்னொருத்தியைக் கண்டுபிடித்தாள். அவளை யாரும் புதைக்கவில்லை. பாறையைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சரிந்த மண் அப்படியே மூடியிருந்தது. எல்லோருக்கும் பிறகு செத்தவள், படுக்க வைக்க ஆள் மிஞ்சவில்லை என்றாள் தோழி. நூறு வருடமாவது ஆகியிருக்குமாம்.

தாடை கட்டவில்லை. வாய் திறந்தே இருந்தது.

கண்குழியில், காதில், விலா இடுக்கில், எங்கும் மண் கெட்டியாக அடைத்திருந்தது. தோழி தூரிகையால் இரண்டு நாள் சுரண்டினாள்.

வாய்க்குள் மட்டும்... ஒரு துளி மண் இல்லை.