அண்ணன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தான் ஒரு பெண் என்று என்னிடம் சொன்னாள். அதுவரை நானும் ஊரும் அவளை என் மகன் என்றே அறிந்திருந்தோம். இப்போது மகள் என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை. அன்று அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே நான் ஒப்பவில்லை.

கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கணவர் சிங்கப்பூரில் வெல்டர். ஒரே பிள்ளை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று, எட்டாம் வகுப்பிலிருந்தே தனக்குத் தெரியும் என்றாள், இனிமேல் மறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, வேறு யாருக்காவது தெரியுமா என்பதுதான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அது எனக்கு இரண்டாம் பட்சமாக இருந்தது.

அதன் பிறகு எதைக் கண்டாலும் பயம். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒருநாள் உள்தாழ்ப்பாளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். ஏன் கழற்றினாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததும் பயமாக இருந்தது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. நெல் அறுக்கும் மெஷின் வாடகைக்கு விடுகிறவர். கணவர் வெளிநாடு போனபின் எங்களுக்கு எல்லாம் அவர்தான். என் பிள்ளைக்குக் காது குத்தியது அவர் மடியில். தன் மகளை இவனுக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்து, பாதி நிஜமாகவே நம்பியும் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, போன் செய்தார். வெளி மாவட்டத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். மருந்தும் பூசையுமாக மூன்று மாதத்தில் சரிசெய்து அனுப்பிவிடுவார்களாம். அதுவரை வீட்டார் போய்ப் பார்க்கக் கூடாதாம்.

"ஞாயித்துக்கிழமை காலையில காரோட வாரேன். அவன்கிட்ட எதையும் சொல்லிக்காத. கூட ரெண்டு ஆளு வருது. முரண்டு புடிச்சா தூக்கி ஏத்திக்கிருவோம்" என்றார்.

சரிண்ணே என்றுதான் சொன்னேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூடச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கணவருக்குப் பேசினேன். ஒங்க அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அந்தப் பக்கம் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"புள்ள கத்துனா நீ என்ன செய்வ?" என்று கேட்டார்.

மணி அடித்ததும் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியோடு பிற்பகல் முழுவதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

சாயந்திரம் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "நான் எங்கிட்டாவது போயிரவாம்மா?" என்று கேட்டாள். நான் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு திருநங்கையைப் பற்றிச் சொன்னாள். தையல்கடை வைத்திருக்கிறார், தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக வீட்டாரிடமும் கல்லூரியிலும் போய்ப் பேசுகிறவர், ஒரே ஒரு தடவை அவரிடம் பேசு என்றாள்.

எனக்கு அதுவும் பயம்தான். பஸ் ஸ்டாண்டில் திருநங்கைகள் ஜன்னலோரம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் அப்படியே உள்ளே இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை இருவரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலை குனிந்தே போனேன்.

கடை சின்னது. இரண்டு மெஷின்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தத் திருநங்கை, ஒரு ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அவரை "அம்மா" என்று கூப்பிட்டாள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. உட்காரக்கூட இல்லை.

"எம்புள்ளைய நீங்க கூட்டிக்கிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "நாங்க கூட்டிக்கிட்டுப் போறதில்லங்க. வீட்டுல அடிச்சுத் துரத்துனதுக்கப்புறம் புள்ளைங்க எங்கள்ட்ட வந்து நிக்கும். நான் பதினாறு வயசுல அப்படித்தான் வந்து நின்னேன். வீடு இருந்தா இது படிச்சு முடிச்சிரும். அதுக்குத்தான் நாங்க அலையுறோம்" என்றார்.

பிறகு ஒரு பெண் வக்கீலுக்குப் போன் செய்து வரச்சொன்னார். வக்கீல் வந்து வயதைக் கேட்டார். பத்தொன்பது என்றதும், விருப்பம் இல்லாமல் யாரும் கொண்டுபோக முடியாது என்றார். மாற்றுகிறோம் என்று சொல்லி இந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கவே கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறது என்றும் விளக்கினார். அதன்பின் என் மகள் பக்கம் திரும்பி, அம்மா முகத்தைப் பார்க்காமல் சொல், ஒனக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

"வீட்டுலேருந்து படிக்கணும்" என்றாள்.

ஒரு மாதமாக அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி பஸ்ஸில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள்: தையல்காரர், வக்கீல், இன்னொரு இளம் திருநங்கை. அவர்கள் எங்கள் தெருவில் நடந்து வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. எனக்குக் கூசியது. கூசுகிறதே என்றும் வெட்கமாக இருந்தது. காப்பி போட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் போட்டிருக்கிறேன். மூவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. அண்ணன் இறங்கினார், பின்னால் இரண்டு பேர். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இவர்களை யார் உள்ளே விட்டது என்று என்னைக் கேட்டார். வக்கீல் எழுந்து சட்டத்தைச் சொன்னார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. "மாப்ளே, வா. வண்டில ஏறு" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மகள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. வந்த இருவரில் ஒருவர் படியில் கால் வைத்தார். தையல்காரர் எழுந்திருக்கவில்லை. உட்காருங்க தம்பி, பேசுவோம் என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான் அனுப்பலண்ணே" என்றேன்.

"ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். அங்க கொண்டுபோயி விட்டுட்டு என்னால இங்க சோறு திங்க முடியாது."

அவர் கை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சமையலறைக் கதவைப் பார்த்து நின்றார்.

"தூக்கி வளத்த மாமன்டா நான். ஒனக்குக் கெடுதல் செய்வேனா?"

மகள் வெளியே வந்தாள். "தெரிஞ்சு செய்ய மாட்டீங்க மாமா" என்றாள்.

அண்ணன் வாசலுக்குத் திரும்பினார். கூட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் சாயந்திர பஸ் வரைக்கும் எங்களோடு இருந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். மகள் பகலெல்லாம் தூங்கினாள்.

அண்ணன் அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. பொங்கல் சீரும் வரவில்லை. கல்லூரி முதல்வரைப் பார்க்க அந்த மூவரும் எங்களோடு வந்தார்கள். எந்தக் கழிப்பறைக்குப் போவது, வருகைப் பதிவில் எந்தப் பெயர் என்பதையெல்லாம் பேசி முடிக்க நான்கு தடவை நடக்க வேண்டியிருந்தது. கணவர் போனில், "புள்ள சாப்புட்டுச்சா?" என்று கேட்கிறார். சாப்பிட்டானா என்றும் கேட்பதில்லை, சாப்பிட்டாளா என்றும் கேட்பதில்லை. இப்போதைக்கு அது போதும். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் இன்றும் நான் தெருமுனை வரை போய் நிற்கிறேன். பஸ்ஸில் சில பையன்கள் அவளைத் தொடர்ந்து கேலி செய்வதை அவள் சொல்லவில்லை, வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் தையல்காரர் என்னைக் குளத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்தத் தாயின் பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் பதினைந்து நாள். அப்பா சூடு போட்டதில் போன பிள்ளை. அந்த அம்மா கதவைப் பாதி திறந்து நின்றபடியே பேசினார். ஒங்களுக்குப் பயம் போயிருச்சா என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "போகலங்க. ஆனா புள்ள வீட்டுல இருக்கு" என்றேன்.

அவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "எம்புள்ள எங்க இருக்குன்னு தெரியுமா?"

"பத்தரமா இருக்குங்க. பேசுறீங்களா?" என்று தையல்காரர் போனை எடுத்தார்.

அந்த அம்மா தெருவை இருபக்கமும் பார்த்தார். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.