பாட்டை நிறுத்த மறந்த பாண் ஓட்டோ

பாணும் பணிஸும், அதாவது ரொட்டியும் பன்னும், விற்கிற பாண் ஓட்டோக்காரன் கூவி விற்கத் தேவையில்லை. கூரையில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால் போதும், பெரியவர்களுக்கு முந்தியே பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். கல்முனையின் குறுக்குத் தெருக்களில் இதுதான் என் பிழைப்பு. நடக்கப் பழகிய பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு பதறுகிறவர்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான். மற்றவர்கள் பணிஸை வாங்கிக்கொண்டு போகலாம்.

வாசலில் மறித்தவர்

என் மகள் ஹனாவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அவளுக்காகவே பாட்டைக் கூட்டிவைப்பேன். அவள் வாப்பா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவாசல் கடப்படிக்கு ஓடிவந்து கையை நீட்டுவாள், நான் பணிஸ் ஒன்றைக் கொடுப்பேன். அன்றைக்குக் கடப்புக் கதவு திறந்து கிடந்தது. நான் ஓட்டோவைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். பாண் பெட்டி மறைத்ததில் அவள் வந்தது தெரியவில்லை. பின்சில்லு அவள் காலில் ஏறிவிட்டது.

மனைவி பர்வீன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நெருக்கி ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன். வழியெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெண்கள் தட்டோடு நின்று கையைக் காட்டினார்கள். கீழே என் பிள்ளை வீறிட்டு அழுகிறது, மேலே பாட்டுப் படிக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி, அண்ணன் முறை சொல்லி மறித்தார்: "பாண் ஓட்டோ உள்ளுக்கு வர ஏலா. வெளியில நிண்டு வில்லுங்க காக்கா."

பக்கத்துக் கட்டில்

எலும்பு முழுதாக முறியவில்லை, கீறல் விழுந்திருக்கிறது, பொருந்திவிடும் என்றார் டொக்டர். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, பிள்ளைகள் வாட்டில் படுக்கவைத்தார்கள். எப்படி நடந்தது என்று கேட்டவருக்கு "ஓட்டோ ஏறிட்டு" என்றேன். யாருடைய ஓட்டோ என்றார். பர்வீன்தான் என்னைக் கையால் காட்டினாள்.

வாட்டுக்கு வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், தம்பிலுவில் ஊர்க்காரி, தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். "என்ட மகன் மண்ணெண்ணெயக் குடிச்சிட்டான் தம்பி. அதச் சோடாப் போத்தலுக்குள்ள ஊத்தி வெச்சது நான்தான். தண்ணியக் குடிங்க, இந்த வாட்டுல இரிக்கிற எல்லாரும் நம்மட ஆக்கள்தான்."

சுகம் விசாரிக்க வந்தவர்கள்

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் பிஸ்கட் பெட்டியும் பால்மாப் பெட்டியுமாக வரத் தொடங்கினார்கள். சில்லை ஏற்றியவன் நான். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் பர்வீனைத்தான் பிடித்தார்கள். கதவை ஏன் பூட்டவில்லை, கண்ணை எங்கே வைத்திருந்தாய், அடுப்படியில் அப்படியென்ன வேலை. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற சாட்டில் எழுந்து எழுந்து போனேன்.

அவர்கள் போன பிறகு, "நீ ஏன் ஒண்டும் கதைக்கல்ல? ஏன் அழவுமில்ல?" என்று கேட்டேன். ஹனாவின் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "நீங்க அழுது முடிங்க. மறுகா நான் அழுறன். ரெண்டு பேரும் ஒண்டா அழுதா இவள ஆரு தூக்குற?"

சத்தமில்லாத வியாபாரம்

திரும்பவும் தொழிலுக்குப் போனபோது பாட்டுச் சுவிட்சில் கை போகவில்லை. கடப்புக்குக் கடப்பு ஹோர்னை மெதுவாக அடித்துப் பார்த்தேன். எவரும் வரவில்லை. மாலைக்குள் மீன் வைத்த மாலுபணிஸ் காய்ந்துபோனது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற வாடிக்கைக்காரி ஒருவர் நான் போன பிறகுதான் கண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலே ஓடிவந்தார். மூச்சு வாங்க நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்: "என்ன மகன், ஜனாஸா அடக்கக் கொண்டு போற மாதிரிப் பாணக் கொண்டு போறாய்?"

வெள்ளிக்கிழமை

மாவுக்கட்டை வெட்டி எடுத்த பிறகும் ஹனா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கூப்பிட்டால் வரமாட்டாள். கால் பயமா, என்னில் பயமா என்று எனக்கு விளங்கவில்லை. எலும்பை விட அதுதான் என்னை அரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்துவிட்டு வாசலில் இருந்தேன். வேறொருவரின் பாண் ஓட்டோ எங்கள் தெருவுக்குள் அதே பாட்டோடு வந்தது. இவள் பயத்தில் கத்தப்போகிறாள் என்று எழுந்தேன். அவள் சுவரை விட்டாள். நொண்டி நொண்டி, விழுந்து எழும்பி, கடப்படிக்கு ஓடினாள். பாய்ந்து போய் அள்ளித் தூக்கினேன். நடக்கிறாள் என்ற சந்தோசத்தில் அழுதேனா, இன்னும் தெருவுக்குத்தான் ஓடுகிறாளே என்று அழுதேனா, தெரியாது. என் தோளுக்கு மேலால் தெருவை எட்டிப் பார்த்து, கையை நீட்டி அவள் கத்தினாள்: "வாப்பா வாறாரு! வாப்பா வாறாரு!"

திரும்பவும் பாட்டைப் போட்டு, ஊர்ப் பிள்ளைகளைத் தெருவுக்கு ஓடிவரச் செய்து சம்பாதிக்கிற நான், என் பிள்ளைக்கு இப்போது படிப்பித்துக்கொண்டிருக்கிற ஒரே பாடம், வாப்பாவின் சத்தம் கேட்டால் ஓடிவராதே என்பதுதான்.