கோர்ஃபக்கான் கரையில் ஒரு பெயர்

1975 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி.

துபாயில் வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்து உட்கார்ந்திருப்பவன் ஒன்று தொழுகைக்குப் போகிறவனாக இருப்பான், இல்லாவிட்டால் மனைவியிடம் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவனாக இருப்பான். நான் இரண்டாவது ரகம். மின்நிலைய வேலைக்கு என்று துபாயின் தேரா பகுதிக்கு வந்து மூன்று வருஷமாகிவிட்டது. "இந்த ஊர்ல மணலைத் தவிர வேற ஏதாச்சும் இருந்தா காட்டுங்க பாப்போம்" என்று விசாலம் சவால் விட்டிருந்தாள். கிழக்கே மலை இருக்கிறது, மலையைத் தாண்டினால் வேறொரு கடல் இருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள். நூற்று ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். லேண்ட் ரோவருக்கு நாள் வாடகை, டிரைவரோடு சேர்த்து, நூற்றிருபது திர்ஹம்.

புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, வறுத்த வடாம் ஒரு டப்பா. சமையலறையையே வண்டியில் ஏற்றினாள். டிரைவர் பெயர் ஹமா. நாற்பது வயசு இருக்கும். எங்கள் ஆபீசுக்கு வாடகை வண்டி ஓட்டி வரும்போது பேண்ட் சட்டையில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அகலமான கால்சட்டையும், இடுப்பைச் சுற்றிப் பத்து முழத்துக்குக் குறையாத துணிக்கட்டுமாக மாப்பிள்ளை போல வந்து நின்றார்.

"இன்னைக்கு எங்க ஜனங்களுக்கு வருஷப் பிறப்பு, காக்கா" என்றார். அவர் ஈராக்கின் வடக்கு மலையைச் சேர்ந்த குர்து. அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட அவர்கள் பாஷையில் 'காக்கா'. எங்கள் தெருவில் மளிகை வைத்திருக்கும் கீழக்கரை நண்பரும் தம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார் என்பதால் எனக்குப் பழக்கம். விசாலம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழு மணி, ஷார்ஜா.

வண்டிச் சொந்தக்காரரான அரபி, வழியில் இன்னொருவரையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். வளைகுடாவில் காலி இருக்கையோடு ஓடும் வண்டியை நான் பார்த்ததில்லை. ஏறியவர் ஹாஜி ரஹீம். ஷார்ஜா சந்தையில் வெங்காயம் மொத்த வியாபாரம், சொந்த ஊர் ஈரானில் மினாப். புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகிறார். கோர்ஃபக்கானிலிருந்து அன்று பிற்பகல் அவருக்கு லாஞ்ச் படகு. ராத்திரி முழுக்க ஓடி மறுநாள் அக்கரை சேரும். ஒரு மேஜை விசிறியும் தேயிலைப் பெட்டியும் அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்தன.

ஹாஜி உலர்ந்த முசுக்கொட்டைப் பழத்தை ஒரு காகிதத்தில் வைத்து எல்லோருக்கும் நீட்டினார். "உனக்கும் இன்னைக்குப் புது வருஷம், எனக்கும் புது வருஷம். எடு பாய்" என்று ஹமாவின் தோளைத் தட்டினார். ஹமா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாஃபி. வேணாம்" என்றார். எங்கள் நால்வருக்கும் பொதுவாக இருந்தது ஹிந்தியும் அரபியும் கலந்த ஒரு கூட்டுக் குழம்பு பாஷை. விசாலம் மட்டும் ஊரில் மூன்று ஹிந்திப் பரீட்சை எழுதித் தேறியவள். அவள் பேசிய சுத்தமான ஹிந்தி யாருக்கும் உடனே புரியவில்லை.

எட்டரை மணி, தைத்.

பேரீச்சந்தோப்பும் வாய்க்கால் தண்ணீருமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். கால் திர்ஹம் டீக்கு அரை டம்ளர் சர்க்கரை போட்டுத் தந்தார்கள். இந்த வழியில் பத்து மைலுக்கு ஒரு கொடி மாறுகிறது. ஒரு கிராமம் ஷார்ஜா ஷேக்குடையது, அடுத்தது ஃபுஜைராவுடையது, நடுவில் ஒரு பிடி நிலம் ஓமன் சுல்தானுடையது. ஒரே நாடாகி மூன்று வருஷம் முடிந்தும் எந்தக் கிணறு யாருடையது என்ற பேச்சு ஓயவில்லை. நம் ஊர்ப் பங்காளிகளை இங்கே கொண்டுவந்து விட்டால் ஒரு வாரத்தில் இவர்களோடு உறவாகிவிடுவார்கள்.

டீக்கடைக்காரரிடம் ஹாஜி, "பாரசீக வளைகுடாவில் இன்னைக்கு அலை எப்படி?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் டம்ளரை நங்கென்று வைத்தார். "அரபி வளைகுடா!" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் அமர்க்களம்தான். ஈரான் எங்கள் தீவுகளைப் பிடித்துக்கொண்டது என்றார் அவர். தீவு எங்கள் பாட்டன் காலத்துச் சொத்து என்றார் இவர். கடைசியில் கடைக்காரர் ஹாஜியிடம் மட்டும் டீக்குக் காசு வாங்க மறுத்தார். விருந்தாளியாம்! சண்டை சண்டைதான், உபசாரம் உபசாரம்தான்.

பத்தரை மணி, மஸாஃபி.

தார் ரோடு பாதி, சரளைக்கல் பாதி. வண்டி குலுங்கிய குலுங்கலில் புளியோதரை தானே கிளறிக்கொண்டது. மலை வந்தது. செம்பழுப்பாக, ஒரு புல்கூட முளைக்காமல், அடுக்கடுக்காக நின்றது. ஊற்றுத் தண்ணீர் பிடிக்க இறங்கினோம். அப்படியொரு ருசியான தண்ணீரை நான் துபாயில் குடித்ததில்லை.

"மலை எப்படி இருக்கு, பாய்?" என்று ஹமாவைக் கேட்டேன்.

"இதுவா? இது கல்லு குவிச்சு வச்சிருக்கு. எங்க மலைல இப்ப பனி உருகி ஓடும். வாதுமை மரம் பூத்திருக்கும். புது வருஷம்னா ஒவ்வொரு உச்சிலயும் நெருப்பு ஏத்துவோம்" என்றவர் ஊற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தார். "இந்த வருஷம் யாரும் ஏத்தியிருக்க மாட்டாங்க."

கேட்டதற்குச் சொன்னார். பாக்தாத் சர்க்காரோடு குர்துகளுக்கு ஒரு வருஷமாகப் பெரிய சண்டை. ஈராக்கின் மீதுள்ள பகையில் ஈரான் மன்னர் இவர்களுக்குப் பீரங்கியும் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மாத ஆரம்பத்தில் இரண்டு நாடும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கி எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டன. அன்றே பீரங்கி திரும்பிப் போய்விட்டது. ஹமாவின் மனைவியும் ஆறு வயசுப் பையனும் குண்டுவீச்சுக்குப் பயந்து, போன வருஷ இலையுதிர் காலத்திலேயே எல்லை தாண்டி ஈரானுக்குள் போனவர்கள். ஏதோ ஓர் அகதி முகாம். எந்த முகாம் என்று தெரியாது. தை மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. முகாமில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று ரேடியோவில் ஒரு பேச்சு, இல்லை என்று இன்னொரு பேச்சு. கைகுலுக்கியவர்கள் பெரிய மனிதர்கள். அவர்களுக்கு நடுவில் இந்த ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் எங்கே மாட்டிக்கொண்டார்களோ.

ஹமா ஹாஜியைப் பார்த்தார். "உங்க ராஜா எங்களை வித்துட்டான்."

ஹாஜி தண்ணீர்க் குடுவையைக் கீழே வைத்தார். "ராஜா கையெழுத்துப் போட்டான். என்கிட்ட வந்து பேனா கேட்டானா? நான் வெங்காயம் விக்கிறவன் பாய்."

மறுபடி வண்டியில் ஏறினோம். ஃபுஜைரா வரை பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை அழகோ அழகு. ஹமா நேரே ரோட்டைப் பார்த்து ஓட்டினார், ஹாஜி மடியிலிருந்த விசிறியையே துடைத்துக்கொண்டு வந்தார். விசாலம் மட்டும் எட்டிப் பார்த்து, "ஏங்க, ஆடு! அந்தப் பாறை மேல எப்படிங்க ஏறிச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பகல் ஒரு மணி, கோர்ஃபக்கான்.

வளைவான கரை, இரு பக்கமும் மலை, நடுவில் நீலமென்றால் அப்படி ஒரு நீலம். துபாய்க் கழிமுகத்தின் டீசல் நாற்றம் மறந்தே போயிற்று. மணலில் மீன்பிடிப் படகுகள். துறையில் ஹாஜியின் லாஞ்ச் சாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் புறப்பாடு.

பேரீச்சமர நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். புளியோதரையை ஹாஜி மூன்று தரம் வாங்கினார். ஹமா ஒரு கவளத்தோடு போதும் என்று தட்டைக் கையால் மூடினார். விசாலத்திடமா நடக்கும்? கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். "வேணாம்னு சொல்றவங்க வயிறுதாங்க காலியா இருக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

வடாமைக் கடித்தபடி ஹாஜி மெல்லப் பேச்செடுத்தார். "என் தங்கச்சி மகன் லாரி ஓட்டறான். கெர்மான்ஷா வரைக்கும் போறவன். முகாமெல்லாம் அந்தப் பக்கம்தான். தேடச் சொல்றேன். கிடைச்சா மினாப்புல என் வீட்டுல கொண்டுவந்து வச்சுக்கறேன். என் பொண்டாட்டி பாத்துப்பா. அப்புறம் லாஞ்சுல இங்க அனுப்பறது என் பொறுப்பு."

ஹமா கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஈரானி உபகாரம் ஒரு தரம் பட்டாச்சு, ஹாஜி."

"அது ராஜாவோட உபகாரம். இது தங்கச்சி மகனோடது. அவன் யார்கிட்டயும் கைகுலுக்க மாட்டான், கையெல்லாம் கிரீஸ்."

ஹமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு கண் நிறைந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். சிக்கலே அதற்குப் பிறகுதான் வந்தது.

"பேரைச் சொல்லு" என்றார் ஹாஜி.

"என் பையன் ரேபின். ரேபினோட அம்மான்னு கேக்கச் சொல்லுங்க."

"முகாம்ல ஆயிரம் கூடாரம் இருக்கும். எத்தனை ரேபினோ! அம்மா பேரு?"

"ஹமா வீடுன்னு கேளுங்க."

"ஹமான்னு கூப்பிட்டா பாதி முகாம் எழுந்து நிக்கும். பொம்பளை பேரைச் சொல்லு பாய், லாஞ்சுக்காரன் கூப்பிடறான்."

ஹமாவின் முகம் சிவந்தது. அந்நிய ஆண்கள் எதிரே வீட்டுப் பெண்ணின் பெயரை எடுப்பது அவர்கள் கிராமத்தில் வழக்கமில்லை. துப்பாக்கியை எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள், பெயரை எடுக்க மாட்டார்கள். எழுந்து போய்த் தண்ணீர் ஓரமாக நின்றுவிட்டார். ஹாஜி தலையில் கை வைத்துக்கொண்டார். துறையில் எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபமே வந்தது. பெண்டாட்டி பிள்ளை எங்கே என்று தெரியாத இடத்தில் இதென்ன சம்பிரதாயம் என்று முணுமுணுத்தேன்.

"ஏங்க, சும்மா இருங்க. உங்களுக்குத் தெரியாது" என்று விசாலம் எழுந்தாள். கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஹமாவிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இதுவரை என் பெயரை அவள் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் வளர்த்த வளர்ப்பு. பாஸ்போர்ட் அதிகாரி கணவர் பெயர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன். என் பெயரே மலையின் பெயர் என்பதால் பஸ்ஸில் திருத்தணிக்குக்கூட டிக்கெட் கேட்க மாட்டாள். "அரக்கோணம் தாண்டி வர்ற முருகன் கோயில்" என்பாள்.

அவள் என்னைக் கைகாட்டி, தன் பரீட்சை ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். "பாய் சாப், இவர் என் வீட்டுக்காரர். இவர் பேரு தணிகாசலம்."

சொல்லிவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எங்க வழக்கத்துலயும் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வருஷமா நான் சொன்னதில்ல. இப்ப உங்களுக்காகச் சொல்லிட்டேன். பாருங்க, ஒண்ணும் ஆகல, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு. நீங்க ஆம்பளைங்ககிட்டச் சொல்ல வேணாம். எங்கிட்டச் சொல்லுங்க."

அந்தப் பரீட்சை ஹிந்தி அன்றைக்கு ஹமாவுக்கு முழுசாகப் புரிந்தது. எனக்கோ காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆபீசில் நூறு பேர் நூறு விதமாகக் கடித்துத் துப்புகிற பெயர்தான். அவள் வாயில் வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹமா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து, ஒரே ஒரு சொல் சொன்னார். விசாலம் ஹாஜியிடம் வந்தாள். "கஜால். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்குமாம்." ஹாஜி அதை மூன்று தடவை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். விசிறியை ஒரு தோளிலும் தேயிலையை ஒரு தோளிலும் ஏற்றிக்கொண்டு துறைக்கு ஓடினார்.

மூன்று மணி.

அவர்களைக் கண்டுபிடித்தாரா என்று கேட்பீர்கள். கண்டுபிடித்தார். பேரீச்சை பழுக்கும் சமயத்தில் வந்து சேர்ந்த மனைவி பிள்ளையோடு தங்க, ஹமா துபாய் ஓரத்தில் அல் குசைஸில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தார். ரேபினுக்கு இப்போது விசாலத்தின் வடாம் என்றால் உயிர். நம் ஊரில் அடுத்த வீட்டுக்காரனிடம் உதவி கேட்கவே நாலு நாள் யோசிப்போம். இங்கே அடுத்த நாட்டுக்காரனிடம் கேட்டு நடந்திருக்கிறது. ஆனால் அன்று கரையில் நின்ற எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. லாஞ்ச் நகர ஆரம்பித்துவிட்டது.

பின்பக்கத்தில் நின்ற ஹாஜி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று வாயருகே கையைக் குவித்துக் கத்தினார். "பேரை இன்னொரு தரம் சொல்லுங்க! சரியா வச்சிருக்கேனான்னு பாக்கணும்!"

எஞ்சின் இரைந்தது. விசாலம் கூவுவதற்கு வாயைத் திறந்தாள். ஹமா கையை நீட்டித் தடுத்தார். துணிக்கட்டு நனைய இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார். கரையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"கஜால்!"