அறிவரசன் சேர்த்து வைத்த மூன்று வாரம்

அறிவரசனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. அரியலூரில் அவனோடு ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சியில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அவன் போனில் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு டியூட்டி நிற்கும். தங்கச்சி நிச்சயதார்த்தம், ஊரில் தேர், பல்வலி. யாரும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கக் கூப்பிட்டதில்லை. அவனும் யாரையும் கூப்பிட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலேஜில் ஐந்து வருஷம் ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துவிட்டு, இப்போது வருந்தி என்ன?

ஆனால் இந்தத் தடவை அவன் ஏமாளி இல்லை. மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதுகிற ஹவுஸ் சர்ஜன்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தேர்வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டவர்களின் டியூட்டியை இவர்கள் முன்கூட்டியே பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். தேர்வு நெருங்கும்போது அவர்கள் இவர்களுடையதைப் பார்ப்பார்கள். அறிவரசன் அப்படித்தான் மாசக்கணக்கில் மாடாய் உழைத்தான். ஒரு நாள் காலையில் வார்டுக்குள் போனால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருவான். அப்படிச் சேர்த்து வைத்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் படித்தால் குழந்தை மருத்துவத்தில் இடம் கிடைத்துவிடும் என்பது அவன் கணக்கு. குழந்தைகள் வார்டில் நிற்கும்போது மட்டும்தான் அவனுக்குக் களைப்பு தெரியாது.

வார்டில் இருந்தபோதும் படித்தான். ஒரு நோயாளியைச் சேர்ப்பதற்கும் அடுத்தவரைச் சேர்ப்பதற்கும் நடுவில் நர்ஸ் மேசை ஓரமாக நின்றுகொண்டு போனில் மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பான். “டாக்டர், அஞ்சாம் பெட்டுக்கு டிரிப் முடியப் போவுது, அதப் பாத்துட்டுப் படிங்க” என்பார் சாந்தா சிஸ்டர். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர்வான். வராந்தாவில் தூக்குவாளி உருளும், குழந்தை வீரிடும், யாராவது “சார், சார்” என்று பின்னாலேயே வருவார்கள். அதற்கு நடுவில் படித்தது அப்படியே மனசில் நின்றது.

மூன்று வாரம் வந்தது. நண்பர்கள் சொன்ன சொல் தவறவில்லை. அவனோடு வேலை பார்த்த தென்றல் முதல் நாளே கூப்பிட்டுவிட்டாள்.

“இனிமே ஆஸ்பத்திரி பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாது, தெரியுதா? நாங்க பாத்துக்குறோம். ஒருத்தரும் உனக்குப் போன் பண்ண மாட்டோம். படிடா.”

வாலிகண்டபுரத்தில் சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற அப்பா சின்னதுரையும் அதையேதான் சொன்னார். “நடுவுல நான் கூப்புட்டா ஒனக்குக் கவனம் செதறிப் போயிரும் சாமி. பரிச்ச முடிஞ்சதும் பேசிக்கலாம். வந்து பாக்கவும் மாட்டோம்.”

எல்லோரும் நல்லது நினைத்துத்தான் அவனைத் தனியாக விட்டார்கள். ஹாஸ்டலில் அவன் அறைத்தோழன், பெரம்பலூரில் வீடு என்பதால், பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்து வெகுநாளாகிறது. எதிர்க்கட்டிலில் சுருட்டி வைத்த மெத்தை மட்டும் கிடந்தது. அறிவரசன் முதல் இரண்டு நாளும் தூங்கினான். அதில் தப்பில்லை, அவ்வளவு தூக்கம் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகுதான் வினை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கம் மத்தியானம் வரைக்கும் திறந்தபடியே கிடந்தது. ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தன் குரலையாவது கேட்கலாம் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தான், நாலு வரியில் நிறுத்திவிட்டான். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் “போதும்” என்று சொன்னதுதான் அன்றைக்கு அவன் மனிதரிடம் பேசிய பேச்சு. பாழாய்ப் போன போனும் மூச்சு விடவில்லை.

ஒரு வாரம் தாக்குப் பிடித்தான். பிறகு தென்றலைக் கூப்பிட்டான்.

“நாளைக்கு என் டியூட்டிய நானே பாத்துக்குறேன்.”

“லூசாடா நீ? எக்ஸாம வச்சிக்கிட்டு?”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தனியாக இருக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் வந்து உட்கார் என்றால் அவள் வராமலா போவாள்? அந்த வார்த்தைதான் அவனுக்கு வாயில் வராதே.

“நான் படிச்சு முடிச்சுட்டேன்” என்றான்.

சொன்னதுதான் தாமதம். ‘அறிவு முடிச்சிட்டானாம்டா’ என்று சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் வார்டில் சாந்தா சிஸ்டர், “வாங்க டாக்டர், ஆளையே காணோம்” என்றபோது அவனுக்குக் கண் கலங்கியே போனது. போன் பழையபடி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் சரி என்றான். ஒவ்வொரு சரிக்கும் தன் இடத்திலிருந்து ஒரு பிடி மண் சரிகிறது என்று தெரிந்தேதான் சொன்னான். திருப்பிப் படிக்காமல் கிடந்த பாடங்கள் அப்படியே கிடந்தன. வார்டில் இப்போது புத்தகம் நினைவுக்கே வரவில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தேர்வுக்கு முதல் நாளும் ஒருவன் டியூட்டி பார்க்கக் கேட்டான், இவன் வார்டுக்குப் போனான். நோயாளிகளைப் பார்க்க ஊர்ஜனம் திரண்டு வருகிற சாயங்கால நேரம். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, கூப்பிட்டுவிட்டார்.

“ஒரு வார்த்த சொல்லத்தான் சாமி கூப்புட்டேன். நாளைக்குப் பயப்படாம எழுது. எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்குது?”

“லைப்ரரியிலப்பா.”

“லைப்ரரியிலயா இவ்வளவு சத்தம்?”

“நாளைக்கு எக்ஸாம்ல. எல்லாரும் வாய்விட்டுப் படிக்கிறாங்கப்பா.”

அப்பா நம்பிவிட்டார். அவருக்கு லைப்ரரி எப்படி இருக்கும் என்று தெரியாது. மகன் பொய் சொல்வான் என்றும் தெரியாது. அறிவரசன் இன்னும் கொஞ்சம் பேச நினைத்து, “அப்பா, அம்மா எங்க…” என்று ஆரம்பித்தான்.

“அய்யய்யோ, ஒன் நேரத்தக் கெடுக்கிறனே. நீ படி சாமி, படி” என்று பதறி அவர் போனை வைத்துவிட்டார்.