சுறா போதுமாம்

என் பேத்தி கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். இப்போதெல்லாம் அங்கே எதையும் அறுப்பதில்லையாம். கைப்பேசியில் ஒரு சுறா நீந்தி வந்து நிற்கிறது. விரலால் தொட்டால் தோல் விலகுகிறது, இன்னொரு முறை தொட்டால் மூளை தெரிகிறது. போன வாரம் அதை வைத்துக்கொண்டு மூளை நரம்புகளின் பெயர்களை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தவள் ஆறாவதில் தடுமாறினாள். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே “அப்டூசன்ஸ்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. ஃபேஷியல், ஆடிட்டரி என்று வேகஸ் வரைக்கும் ஓடி முடித்தது.

வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற கிழவனுக்குச் சுறாவின் நரம்பு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் அக்கா படித்தபோது காதில் விழுந்தது என்றேன். அது பாதி பதில். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். படித்து வருத்தப்பட வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லை.

ராயபுரத்தில், ஆறு குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த வீட்டில் கீழ்ப்பகுதி எங்களுடையது. எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அக்கா விலங்கியலில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பு வாங்கினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த முதல் வகுப்புக்குக் குறுக்கே ஒரு சுறா படுத்திருந்தது.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சுறா வந்தால், அதன் தலையைத் திறந்து, மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளை அறுபடாமல் வெளியே காட்ட வேண்டும். ஈர நூலைப் போன்ற நரம்புகள். கத்தி கொஞ்சம் நழுவினால் மதிப்பெண் போயிற்று. கல்லூரியில் நான்கு பெண்களுக்கு ஒரு சுறா. ஒருத்தி அறுப்பாள், மூன்று பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அக்காவுக்குப் பழக்கம் போதவில்லை. ஐந்தாவது நரம்பின் ஒரு கிளை அவள் கத்தி பட்டு ஒவ்வொரு முறையும் அறுந்தது.

கூப்பிடு தூரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கே சுறாக்கள் குவியலாகக் கிடந்தன. அங்கேதான் சித்தப்பாவும் விசைப்படகில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் சித்தப்பாவும் அப்பாவும் மூன்று வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு சைக்கிள். அப்பா ஆசையாக வாங்கிய புது சைக்கிளைச் சித்தப்பா ஒரு நாள் இரவல் வாங்கிப் போய் மீன் கூடை ஏற்றிவிட்டார். மறுநாள் அப்பா அதில் அலுவலகம் போக, சக குமாஸ்தாக்கள் மூக்கை உறிஞ்சி, இன்று என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, மீன் நாற்றம் பிடித்தவன் என் வாசற்படி ஏறக்கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சித்தப்பாவும் ஏறவில்லை.

அக்கா அப்பாவிடம் சொல்லாமல் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலுக்கு வெளியே ஒரு கோணிப்பையும் அதற்குப் பின்னால் சித்தப்பாவும் நின்றார்கள். அப்பா உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் நான்.

“டேய், பால் சுறா, நல்லா எளசா கீதுன்னு உங்க நைனாகிட்ட சொல்லு,” என்றார் சித்தப்பா.

நான் திரும்பிச் சொன்னேன்.

“காதுல வுழுந்துச்சுன்னு சொல்லு,” என்றார் அப்பா.

நான் மறுபடி திரும்பிச் சொன்னேன். அன்று முதல் எனக்கு இதுவே உத்தியோகம். டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பி பேச வேண்டியதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வந்தது. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தலை அக்காவுக்கு, உடம்பு அம்மாவுக்கு. அக்கா குழாயடியில் மெழுகுத் தட்டை வைத்துக்கொண்டு, வெளியே எடுத்த நரம்புகள் எடுப்பாகத் தெரிய அவற்றுக்கு அடியில் கறுப்புக் காகிதத் துணுக்குகளைச் செருகுவாள். அம்மா உடம்பை மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் பூண்டும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்வாள். வாரம் இரண்டு சுறா. மாடிக் குடித்தனத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருந்தாள். பால் சுறா அவளுக்கு நல்லது என்று அவள் மாமியார் கிண்ணத்தோடு வந்துவிடுவார். “இன்னாமா, ஒம் பொண்ணு இன்னிக்குப் படிக்குதா?” என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. எங்கள் வளவில் அக்கா படிப்பு முன்னேற வேண்டும் என்று ஆறு குடித்தனங்களும் மனமார விரும்பின.

வீடு நாறியது. திரைச்சீலை நாறியது, தலையணை நாறியது. ஒரு நாள் அப்பா மூக்கைச் சுளித்தபோது அம்மா சொன்னாள்: “இது படிப்பு நாத்தம். தொடச்சா போவாது.”

சுறா முன்னால் வர, சித்தப்பா அதன் பின்னால் ஓரடி ஓரடியாக உள்ளே வந்தார். முதலில் வாசற்படியில் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு நடையில் உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் அப்பாவுக்கு எதிர்ச்சுவர் ஓரம் அவர் இடம் என்று ஆகிவிட்டது. யாரும் உள்ளே கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

அக்காவுக்கு வீட்டில் எல்லோரும் பாடப்பொருள்தான். என் எச்சிலை வாங்கிக் கஞ்சித் தண்ணீரில் கலந்து அயோடின் ஊற்றிப் பார்த்தாள். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி அம்மாவின் நாடியை எண்ணினாள். மரபியல் வந்ததும், யார் யாருக்கு நாக்கைக் குழாய் போலச் சுருட்ட வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. அப்பாவையும் சித்தப்பாவையும் எதிரும் புதிருமாக உட்காரவைத்து, ஒரே நேரத்தில் நீட்டச் சொன்னாள்.

மூன்று வருடம் முகம் பார்த்துப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டினார்கள். இரண்டு நாக்கும் ஒன்று போலச் சுருண்டன. அது மட்டுமில்லை, சுருட்டும்போது இருவருக்கும் இடது கண் பாதி மூடிக்கொண்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அப்பாவின் மீசை ஆடியது.

“எங்கப்பனுக்கும் இப்டி வரும்னு சொல்லு,” என்றார் சித்தப்பா என்னிடம்.

“ஆமா, அவருக்கு சோக்கா வரும்,” என்றார் அப்பா, நேராக அவரைப் பார்த்தே. உடனே சுதாரித்துக்கொண்டு பேப்பரை எடுத்து முகத்தை மறைத்தார். என் உத்தியோகம் ஒரு நொடி பறிபோனது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கஷ்டம் வேறு. பள்ளியில் எனக்குச் ‘சுறா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெஞ்சில் பக்கத்துப் பையன் நகர்ந்து உட்கார்ந்தான். மதியச் சோற்று டப்பாவைத் திறந்தால் புட்டு, ராத்திரித் தட்டில் புட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுப்பதாக அப்பா சொல்லியிருந்தார். நான் சனிக்கிழமையிலிருந்தே பசியைச் சேர்த்து வைத்திருந்தேன். காலையில், முறை இல்லாத நாளிலும், சித்தப்பா சுறாவோடு வந்து நின்றார். கறி ரத்து.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். சித்தப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“நைனா சொல்லச் சொன்னாரு,” என்றேன். “சுறா போதுமாம்.”

அவர் கை நின்றது. “யாரு, உங்க நைனாவா?”

“ஆமா.”

“வேற இன்னா சொன்னாரு?”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செய்தி நம்பும்படி இருக்க வேண்டுமே. வீட்டில் எப்போதோ கேட்ட ஒன்று கைவசம் இருந்தது. “வூடெல்லாம் மீன் நாத்தம் நாறுதாம்,” என்றேன்.

சித்தப்பா வலையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளங்கைகளை லுங்கியில் அழுத்தித் துடைத்தார். எனக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்து, “இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேரு நைனா,” என்று அனுப்பினார். சூடான போண்டா. தின்றுகொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சுறா வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மாடி மாமியார் காலிக் கிண்ணத்தோடு திரும்பினார். “பாத்தியா, அவன் புத்தி அவ்ளோதான்,” என்றார் அப்பா. தேர்வு நெருங்கிவிட்டது, ஐந்தாவது நரம்பு இன்னும் வசப்படவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டுவர அக்கா என்னையே அனுப்பினாள். நான் தெருமுனைவரை போய், கொஞ்ச நேரம் கோலி ஆடிவிட்டு வந்து, சித்தப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

அக்கா அதை நம்பி, மறுநாள் விடியும் முன்பே என்னை இழுத்துக்கொண்டு தானே மீன் ஏலத்துக்குப் புறப்பட்டாள். திரும்பிப் போகலாம் என்று வழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். போனால், படகு நிஜமாகவே கடலுக்குப் போயிருந்தது. பொய் சொன்னவனுக்கும் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும்.

கல்லூரிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற அக்காவை மீன்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னாமே, வாங்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?”

“சுறாத் தலை வேணும். ஒடம்பு வேணாம்.”

“ஒடம்பு வேணாமா? தலையில இன்னா கீதுன்னு தலைய கேக்குற?”

“நரம்பு இருக்குது. படிப்புக்கு.”

“நரம்பா! எம் புருசனுக்குத் தலை முழுக்க அதான் கீது. வா, வந்து உருவிகினு போ.”

துறைமுகமே சிரித்தது. ஆனால் கேட்டவளே நான்கு தலைகளை வெட்டிக் கூடையில் போட்டுக் கொடுத்தாள். ஃபெயில் ஆகிவிட்டால் அடுத்த மாதம் தன்னோடு கூடை தூக்க வர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டாள்.

நான்காவது தலையில் எல்லா நரம்புகளும் முழுசாக வந்தன. அக்கா கத்திய கத்தலில் வளவே கூடிவிட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, கறுப்புக் காகிதத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த நரம்புகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எதையோ சொல்ல எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

தேர்வில் அக்காவுக்கு வந்த சீட்டு கரப்பான்பூச்சி. எங்கள் வீட்டில் அதற்கு என்றைக்குமே பஞ்சமில்லை. செருப்பால் அடித்ததுண்டே தவிர, பழகவென்று ஒன்றைக்கூட அவள் அறுத்ததில்லை. ஆனால் சுறா நரம்பை எடுத்த கைக்குக் கரப்பான் ஒரு பொருட்டாகவே இல்லை. முதல் வகுப்பு வந்தது. மேலே படித்தாள், பிற்காலத்தில் விலங்கியல் பேராசிரியையும் ஆனாள். என் பொய்யால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சித்தப்பா அதன் பிறகு எங்கள் படி ஏறவில்லை. அப்பாவும் ஆள் அனுப்பவில்லை. அண்ணன் துரத்திவிட்டார் என்று சித்தப்பாவும், தம்பி கைவிட்டுவிட்டான் என்று அப்பாவும் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா முதலில் போனார். விவரம் தெரிந்த பிறகும் இருவரிடமும் சொல்ல எனக்குப் பல சந்தர்ப்பங்கள் இருந்தன. சொல்லவில்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை, கோழைத்தனத்தைத் தவிர.

தேர்வு முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அன்று ஒருவழியாக ஆட்டுக்கறி எடுத்தார்கள். நான் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தேன். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தார். அம்மா, யாரும் கேட்காமலே ஒரு தட்டைக் கழுவி எதிர்ச்சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்தாள்.

“டேய்,” என்றார் அப்பா மெதுவாக. “சித்தப்பன் எதுனா சொல்லி அனுப்புனானா?”

“இல்ல நைனா. இனிமே வராது,” என்றேன் உற்சாகமாக.

அப்பா தலையாட்டினார். தன் தட்டிலிருந்த நல்லி எலும்பை எடுத்து என் தட்டில் போட்டார். “சரி, நீ துன்னு.”

அவர் சுறாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.