கோதண்டராமனின் நாலு கம்பிகள்

கோதண்டராமன் பேஸ் கிடார் வாங்கிக்கொண்டு அடி அண்ணாமலை பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கீழ்பென்னாத்தூர் சாலையில் உள்ள ஓர் அரிசி ஆலையில் இருபத்தோரு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர். அவர் ஒரு பாட்டை முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை. வீட்டு முன்பக்கத்தில் டீக்கடை நடத்தும் அவர் மனைவி ஆதிலட்சுமி, தோளில் தொங்கிய நீளமான கறுப்புப் பையைப் பார்த்துவிட்டு ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்தாள்.

"இன்னாங்க இது?"

"பேஸ் கிடாரு. பழசுதான். கத்துக்கப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் மறுபடி டீயை எடுத்து ஆற்றத் தொடங்கினாள்.

காரணம் இதுதான். போன மாதம், ஆலையில் கூட வேலை பார்க்கும் பிரகாஷின் தங்கை கல்யாணத்தில் மெல்லிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். கொஞ்ச வருஷமாகவே பாட்டு என்றால் கோதண்டராமனுக்கு மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிற பேச்சு மாதிரி. சத்தம் வரும், வார்த்தை பிடிபடாது. அன்றைக்கு நாற்காலி கிடைக்காமல் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் ஓரமாகப் போய் நின்றார். பாட்டின் அடியில் கனமாக ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்கூட்டிலேயே அது தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று மேடையைத் துழாவினார். மூலையில் ஒரு இளம்பெண், நாலே கம்பி உள்ள கிடாரை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டே பாட்டு முழுவதையும் கேட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்ட திருப்தி அவருக்கு.

அந்தப் பெண்ணிடமே கற்றுக்கொள்ளலாமே என்றான் பிரகாஷ். கோதண்டராமனுக்குக் கூச்சம். ஆன்லைனில் தமிழிலேயே ஒரு கோர்ஸ் இருந்தது. அதில் சேர்ந்தார்.

பாடங்கள் அவருக்குப் பிடித்துப்போயின. ஆசிரியர் சொல்வதெல்லாம் செல்போன் திரையின் அடிப்பகுதியில் எழுத்தாக ஓடியது. புரியாவிட்டால் பத்துத் தடவை திருப்பிப் போடலாம், யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். விரல் நுனிகள் கொப்பளித்து, தோல் தடித்து, ஆறு மாதத்தில் முப்பது பாடம் முடிந்தது.

பத்துப் பாடத்துக்கு ஒரு தடவை, வாசித்ததைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நாலு நாள் கழித்து பதில் வரும். 'விரல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறீர்கள். க்ளிக்கை நன்றாகக் கவனியுங்கள்.' திரையின் மூலையில் தாளத்துக்குத் தகுந்தபடி ஒரு பச்சை வட்டம் மின்னிக்கொண்டிருக்கும். க்ளிக் என்பது அதுதான் என்று நினைத்துக்கொண்ட கோதண்டராமன் கண் எரிகிற வரை அதையே பார்த்து வாசித்தார். இரண்டாம் தடவையும் அதே பதில். மூன்றாம் தடவையும் அதே பதில் வந்ததும் பிரகாஷிடம் போய் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கினார்.

அவள் பெயர் கவிநிலா. வாரநாட்களில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், முகூர்த்த நாட்களில் கச்சேரி. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுத்தாள். கோதண்டராமன் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு ஞாயிறும் அவருக்கு வீணாகத்தான் போயின. கவிநிலாவுக்கு மெல்லிய குரல். மேலே மின்விசிறி வேறு. அவள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினார். ஒரு தடவை "என்னாம்மா?" என்று கேட்டார். இரண்டாம் தடவை கேட்க வெட்கம். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. செல்போன் பாடமே மேல், இதிலிருந்து நின்றுவிடலாம் என்று முடிவு செய்தவர், சொல்லிவிட்டு நிற்பதுதான் மரியாதை என்று மூன்றாம் ஞாயிறும் போனார். சொல்வதற்கு வாயெடுக்கும் முன் அவள் கிடாரை அவர் கையில் கொடுத்துவிட்டாள். செல்போனை மேஜை மேல் வைத்து எதையோ தட்டினாள்.

"ஆரம்பிங்கண்ணா."

கோதண்டராமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணா ஆரம்பிக்கல?"

"நீங்க தாளம் போட்டா ஆரம்பிச்சுடுவேன்."

"ஓடிக்கினுதானே இருக்கு?"

"எங்க?"

கவிநிலா போனை எடுத்து அவர் காதருகே பிடித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி பிடித்தாள். அப்போதும் இல்லை. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, மர மேஜையை முஷ்டியால் சீராகக் குத்தினாள்.

"இது கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"அப்ப வாசிங்க."

வாசித்தார். ஒவ்வொரு அடியும் அவள் குத்து விழும் இடத்திலேயே விழுந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு பாடம் முழுக்க அப்படியே போனது. அவள் கை சிவந்திருந்தது.

"க்ளிக்குனா தாளத்துக்கு வர்ற டிக் டிக் சத்தம். ஆறு மாசமா அது கேக்காமலா இவ்ளோ தூரம் வந்தீங்க? கண்ணால பாத்து வாசிச்சா லேட்டாத்தாங்கண்ணா வரும். காது கேக்கலனு சொல்லியிருக்கலாமே."

"எனக்கே தெரியாதும்மா. எல்லாரும் மெதுவா பேசுறாங்கனு நெனச்சேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு லேசானது. நிற்கப்போவதாகச் சொல்ல வந்தது மறந்தே போனது. கவிநிலா போனில் டிக் சத்தத்தை மாற்றி, தவில் மாதிரி கனமான சத்தத்தை வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து பேசினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் அடுத்த வகுப்பு."

ஆதிலட்சுமியும் கூட வந்தாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு சத்தமாகச் சோதித்தார்கள். டாக்டர் காட்டிய காகிதத்தில் கோடு பாதி வரை மட்டமாகப் போய், அப்புறம் சரேலென்று கீழே இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் கேக்குது. கீச்சுனு வர்றது, பொம்பளைங்க குரலு, இதெல்லாம் ரொம்ப கம்மி. ஆலை மெஷின் பண்ண வேலை. பத்து வருஷமாவது இருக்கும்" என்றார் டாக்டர்.

வெளியே வேப்பமர நிழலில் வந்து நின்றதும் ஆதிலட்சுமி அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. ஒண்ணு கேட்டா பதில் வராது. என்னை வெறுத்துட்டாருனு நெனச்சுக்கினு நானும் பேச்சைக் கொறச்சிக்கினேன்."

கோதண்டராமன் அவள் கையை விடாமல், "நீதான் என்கிட்ட பேசறதில்லைனு நான் நெனச்சேன், லட்சுமி" என்றார்.

இருவரும் பஸ் ஏறாமல் கிரிவலப் பாதையிலேயே வீடு வரை நடந்து வந்தார்கள். அவள் பேசிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்து.

அடுத்த மாதம் காதுக்குக் கருவி வந்தது. ஆலையில் காதை மூடிக்கொள்ளும் மூடியும் மாட்ட ஆரம்பித்தார். பிரகாஷ் முதலில் சிரித்தான், பிறகு அவனும் ஒன்று வாங்கினான்.

இப்போது அவருக்கு இரண்டு வகுப்பும் உண்டு. தினமும் காலையில் ஆன்லைன் பாடம், ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்கால். பௌர்ணமி ஞாயிற்றில் விழுந்தால் கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகும், கடையிலும் கூட்டம் நெரியும். அன்று கவிநிலா வீடியோ காலில் வந்து, அவர் இடதுகை மணிக்கட்டு மடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைச் சொல்ல அந்தக் கோர்ஸில் ஆளில்லை. கோர்ஸைப் போல ஒரே பாடத்தைப் பத்துத் தடவை சொல்ல இவளுக்கும் நேரமில்லை.

போன தை மாதம், கச்சேரி ஒன்றில் கவிநிலா அவருக்கு இரண்டு பாட்டு விட்டுக்கொடுத்தாள். முதல் பாட்டு தப்பில்லாமல் போனது. இரண்டாவதில் சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் வழி தவறிவிட்டது. பதறாமல் கையை எடுத்துவிட்டு நாலு அடி காத்திருந்தார். அடுத்த சுற்று வந்ததும் உள்ளே நுழைந்தார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவிநிலா மட்டும் மேடைக்குக் கீழே நின்று, தன் காலால் தரையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.